1934 ரோல்ஸ் ராய்ஸ் 20/25: கதவில் உடையும் இடுப்புக்கோடு

கோவையில் ஒரு பட்டறையில் 1934 ரோல்ஸ் ராய்ஸ் 20/25 சலூனைச் சீரமைத்து வருகிறோம். பானெட்டில் தொடங்கிப் பின்பக்கம் வரை ஓடும் இடுப்புக்கோடு, டிரைவர் கதவின் முன்விளிம்பில் 6 மி.மீ. கீழே இறங்கி நிற்கிறது. டியூப்லைட் வெளிச்சம் பட்டால் அந்த இடத்தில் கோடு ஒடிந்தது போலத் தெரியும்.

கதவின் கீல்கள், முன்கதவுக்கும் பின்கதவுக்கும் இடையிலுள்ள நடுத்தூணில் இருக்கின்றன. ஆஷ் மரச்சட்டம், மேலே அலுமினியத் தகடு. தூணின் அடி உளுத்திருந்ததால் மார்ச்சில் தேக்கு ஒட்டுப் போட்டோம். தேக்கில் எண்ணெய்ப் பசை அதிகம், ஒட்டுப்பசை பிடிப்பது சந்தேகம்தான். அசிட்டோனில் துடைத்துவிட்டுத்தான் எபாக்ஸி வைத்தோம். ஜூனில் கதவு தொங்க ஆரம்பித்தது.

கீல் பின்களைப் புதிதாகக் கடைந்து போட்டோம், மாற்றமில்லை. தூணுக்கு நேர் கீழே, பாடிக்கும் சேஸிக்கும் நடுவில் 3 மி.மீ. தகடு வைத்தோம். கோடு கொஞ்சம் ஏறியது, ஆனால் பின்கதவு இறுகிவிட்டது. சேஸியை ஜாக்கியில் ஏற்றினால் இறக்கம் 4 மி.மீ. ஆகக் குறைகிறது. பட்டி வைத்துக் கோட்டை இழுத்துவிடலாம் என்கிறார் டிங்கர். எனக்கு மனசு வரவில்லை.

அந்தக் காலத்தில் ரோல்ஸ் ராய்ஸின் டெர்பி ஆலை சேஸியும் இன்ஜினும்தான் கொடுக்கும், பாடியைக் கோச் பில்டர் தனியாகக் கட்டுவார். அதனால் அளவெடுக்க ஜோடி வண்டியும் இல்லை.

அலுமினியத் தகட்டை உரிக்காமல் நடுத்தூணை மட்டும் நிமிர்த்த வழி உண்டா?