லண்டன் காரில் பாரிஸ் பயணம்: ஸ்டிக்கர் ஒட்டியும் ஹெட்லைட் சரியாக விழவில்லை

வெம்பிளிவாசி:
எல்லோருக்கும் வணக்கம். அடுத்த வாரம் குடும்பத்தோடு பாரிஸில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறோம். இங்கிலாந்துக் கரையிலுள்ள போக்ஸ்டனில் காரை ரயிலில் ஏற்றி, பிரான்சின் கலேயில் இறங்கி ஓட்டுவதாகத் திட்டம். வெள்ளிக்கிழமை வேலை முடிந்த பிறகுதான் புறப்பட முடியும் என்பதால் பிரான்சுக்குள் முழு ஓட்டமும் இருட்டில்தான்.

கார் 2012இல் வந்த ஜெர்மன் மாடல். பழைய காராக வாங்கியது. அங்கே வலப்பக்கம் ஓட்டுவதால் நம் லைட் எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும் என்று, ஐரோப்பியப் பயணத்துக்கென்று கடையில் விற்கும் ஹெட்லைட் ஸ்டிக்கரை வாங்கினேன். அதோடு வந்த படத்தாளில் என் கார் இல்லை, கிட்டத்தட்ட அதே வடிவமுள்ள இன்னொரு மாடலின் படத்தைப் பார்த்து ஒட்டினேன். பின்பக்கச் சுவரில் அடித்துப் பார்த்தால் வெளிச்சம் மங்கலாகச் சிதறுகிறது. இடப்பக்கம் மேலே ஏறும் வெளிச்சமோ அப்படியே இருக்கிறது. டாஷ்போர்டில் 0 முதல் 3 வரை எண் போட்ட சக்கரத்தைத் திருப்பி லைட்டைத் தாழ்த்தினால் போதும் என்கிறார் நண்பர். என் காரில் அந்தச் சக்கரமே இல்லை. காரோடு கையேடும் வரவில்லை. என்ன செய்யலாம்?

தெற்குவீதி:
இதற்கெல்லாமா தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறீர்கள்? நான் கோடை விடுமுறைக்கு ஜெர்மனிவரை காரில்தான் போய் வருகிறேன். எதுவும் ஒட்டியதில்லை, யாரும் மறித்ததுமில்லை. காசு பிடுங்குகிற வேலை.

லாச்சப்பல் அண்ணா:
தெற்குவீதி, கோடையில் இங்கே பிரான்சில் இரவு பத்து மணியானாலும் பொழுது முழுதாகச் சாய்வதில்லை. உங்களுக்கு லைட் தேவைப்பட்டிருக்காது, அவ்வளவுதான். எதிரே வருகிற எங்களிடம் கேட்டுப் பாருங்கள். நடுவே தடுப்பு இல்லாத கிராமப்புறச் சாலையில், மழை பெய்யும் இரவில், லண்டன் கார் ஒன்று எதிரே வந்தால் சில நொடிகளுக்குச் சாலையின் வெள்ளைக்கோடே எனக்குத் தெரிவதில்லை. டிம்மில் போட்டிருக்கிறோமே என்று அவர் பாட்டுக்குப் போய்விடுவார்.

தம்பி வெம்பிளிவாசி, டிம் லைட் இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் விழாது. இங்கிலாந்துக் காரில், எதிரே வருபவர் இருக்கும் வலப்பக்கம் தாழ்வாகவும், நடைபாதையும் பெயர்ப்பலகைகளும் இருக்கும் இடப்பக்கம் ஏறத்தாழ 15 பாகை சாய்வில் மேலேறியும் விழும். இங்கே நாம் வலப்பக்கம் ஓட்டுகிறோம். அந்த மேலேறும் வெளிச்சம் நேரே எதிரே வருபவரின் முகத்துக்குப் போகும். போலீஸ் மறிப்பது ஒருபுறம் இருக்கட்டும், கண் கூசியவன் உங்கள் பக்கம் திரும்பினால் என்ன ஆகும்?

பகலில் போனால் பிரச்சினை இல்லை என்று சிலர் சொல்வார்கள். மழையிலும் சுரங்கப் பாதையிலும் பகலிலும் டிம் லைட் போடத்தான் வேண்டும். ஆகவே அதையும் நம்ப வேண்டாம்.

கராஜ்காரன்:
தம்பி, அந்தச் சக்கரம் இல்லை என்றீர்களே, அதில்தான் விஷயம் இருக்கிறது. மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். லைட்டைப் போட்டதும் முதலில் நீலம் பாய்ந்து, சில நொடி கழித்துத்தான் முழு வெளிச்சம் வருகிறதா? கண்ணாடி கழுவும் நீரைப் பீய்ச்சும்போது ஹெட்லைட்டின் மேலும் நீர் அடிக்கிறதா? வெளிமூடிக்கு உள்ளே முட்டைக்கண் மாதிரி உருண்டையான லென்ஸ் தெரிகிறதா?

வெம்பிளிவாசி:
மூன்றுமே ஆம், அண்ணா. பம்பரிலிருந்து சின்னக் குழாய் எழும்பி லைட்டின் மேல் நீர் அடிக்கும்.

கராஜ்காரன்:
அப்படியானால் அது ஸெனான், அதாவது வாயுவுக்குள் மின்சாரம் பாய்ந்து ஒளிரும் லைட். 2,000 லூமனுக்கு (ஒளியின் அளவு) மேல் ஒளிவிடும் டிம் லைட்டுக்கு, பாரத்துக்கு ஏற்பத் தானாக உயரத்தைச் சரிசெய்யும் அமைப்பும் கழுவும் குழாயும் இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. அதனால்தான் கையால் திருப்பும் சக்கரம் உங்கள் காரில் இல்லை. இருந்தாலும் பயனில்லை. அது பின்னால் பாரம் ஏற்றும்போது மொத்த வெளிச்சத்தையும் தாழ்த்துவதற்கு வைத்தது. சாய்வு எந்தப் பக்கம் என்பதை அது மாற்றாது. உங்கள் பார்வைத் தூரத்தைக் குறைத்துவிடும்.

ஸ்டிக்கரை உரித்துவிடுங்கள். சாதாரண ஹாலஜன் லைட்டில், கண்ணாடியின் எந்த இடத்திலிருந்து அந்தச் சாய்வு புறப்படுகிறதோ அங்கே ஒட்டினால் வேலை செய்யும். உருண்டை லென்ஸ் உள்ள லைட்டில் லென்ஸுக்கு நேர் எதிரே, அந்த லைட்டுக்கென்று அளந்த இடத்தில் ஒட்ட வேண்டும். விரலகலம் தள்ளி ஒட்டினாலும் நீங்கள் பார்த்த சிதறல்தான். பசை இறுகியிருந்தால் தலைமுடி உலர்த்தியால் லேசாகச் சூடாக்கி ஓரத்திலிருந்து உரியுங்கள். பிளேடு வேண்டாம், வெளிமூடி பிளாஸ்டிக்.

அடுத்தது முக்கியம். இந்த வகை லைட் பலவற்றில், லென்ஸ் கூட்டின் பின்புறம் அல்லது பக்கவாட்டில் நகமளவு ஒரு சிறு நெம்பு இருக்கும். பானெட்டைத் திறந்து, ஹெட்லைட்டின் பின்மூடியைக் கழற்றினால் டார்ச் வெளிச்சத்தில் தெரியும். அதை மறுபக்கம் தள்ளினால் உள்ளே வெளிச்சத்தை வெட்டும் தகடு நகர்ந்து, மேலேறும் பகுதி மறைந்துவிடும். எல்லாக் காரிலும் இருக்காது. உங்கள் காரில் இருக்க வாய்ப்பு அதிகம்.

கையை விடுவதற்கு முன் லைட்டை அணைத்து, சாவியை எடுத்து, கொஞ்ச நேரம் ஆற விடுங்கள். ஸெனான் பற்றும் கணத்தில் 20,000 வோல்ட்டுக்கு மேல் பாயும். பல்பையும் வயரையும் தொடாதீர்கள், உங்களுக்கு அங்கே வேலை இல்லை.

பிறகு சமதரையில் சுவருக்கு ஐந்து மீட்டர் தள்ளிக் காரை நிறுத்தி, ஒவ்வொரு லைட்டாகத் துணியால் மறைத்துப் பாருங்கள். இருட்டுக்கும் வெளிச்சத்துக்கும் இடையே உள்ள கோடு தட்டையாக இருக்க வேண்டும், அல்லது வலப்பக்கம் ஏற வேண்டும். இடப்பக்கம் ஏறினால் நெம்பு நகரவில்லை என்று அர்த்தம். படத்தாளை விடச் சுவரை நம்புங்கள்.

புதுக்கார்க்காரி:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னுடையது போன வருடம் வாங்கிய எல்இடி லைட் கார். எனக்கும் இப்படிப் பானெட்டுக்குள் கைவிட வேண்டுமா?

கராஜ்காரன்:
வேண்டாம் அக்கா. பெரும்பாலும் திரையில் விளக்கு அமைப்புகளுக்குள் "வலப்பக்கப் போக்குவரத்து" அல்லது "பயண முறை" என்று ஒன்று இருக்கும். சில கார்கள் ஜிபிஎஸ் மூலம் நாடு மாறியதை அறிந்து தாமாகவே மாற்றிக்கொள்ளும். வேறு சிலவற்றில் கோடு முதலிலிருந்தே தட்டையாக இருப்பதால் எதுவும் செய்யத் தேவையில்லை. கையேட்டில் ஹெட்லைட் பகுதியைப் படியுங்கள், அதையும் சுவரில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். எல்இடி மேல் நீங்களாக ஸ்டிக்கர் ஒட்ட வேண்டாம்.

வெம்பிளிவாசி:
அண்ணா, நெம்பு இருக்கிறது! வலப்பக்க லைட்டில் மூடியைத் திறந்ததும் கண்ணில் பட்டது. தள்ளியதும் டக்கென்று விழுந்தது. இடப்பக்கம்தான் பாடு படுத்தியது. பேட்டரி மறைப்பதால் உள்ளே பார்க்க முடியவில்லை. போன் கேமராவை நீட்டிப் படம் எடுத்து, நெம்பு எங்கே என்று பார்த்து, தடவித் தடவித் தள்ளினேன். இப்போது சுவரில் இரண்டு லைட்டும் தட்டையான கோடாக விழுகின்றன. நடைபாதைப் பக்கம் முன்பிருந்த அளவுக்குத் தூரம் தெரியவில்லை. இது சரிதானா?

கராஜ்காரன்:
சரிதான். அந்தச் சாய்வுதான் தூரத்தைக் காட்டியது, இப்போது அது இல்லை. ஆகவே வேகத்தைக் கொஞ்சம் குறைத்து ஓட்டுங்கள். போக்ஸ்டன்வரை இங்கேயும் அதே லைட்டோடு போகலாம், யார் கண்ணும் கூசாது.

திரும்பி வந்ததும் நெம்பைப் பழைய இடத்துக்குத் தள்ள மறக்காதீர்கள். இங்கிலாந்தில் வருடாந்திர வாகனச் சோதனையான எம்ஓடியில் டிம் லைட்டின் கோட்டைப் பார்ப்பார்கள்.

லாச்சப்பல் அண்ணா:
கலேயிலிருந்து பாரிஸுக்கு ஏ26, ஏ1 மோட்டார்வேக்கள் வழியாக ஏறத்தாழ 300 கிலோமீட்டர். மோட்டார்வேயில் வழமையான 130 கிலோமீட்டர் வேக வரம்பு மழை பெய்தால் 110 ஆகும். எச்சரிக்கை முக்கோணமும் மஞ்சள் மேலாடையும் காரில் இருக்கட்டும். மேலாடை டிக்கியில் வேண்டாம், கைக்கெட்டும் இடத்தில். பின்னால் பழைய ஜிபி ஸ்டிக்கர் இருந்தால் மாற்றுங்கள், 2021 செப்டம்பர் 28 முதல் யுகே என்றுதான் இருக்க வேண்டும்.

1993 வரை பிரான்சில் பதிவான கார்களுக்கு மஞ்சள் ஹெட்லைட் கட்டாயமாக இருந்தது. அப்போதெல்லாம் எதிரே வெள்ளை லைட் வந்தாலே வெளிநாட்டுக்காரர் என்று ஒதுங்கிக்கொள்ள முடிந்தது. இப்போது கண் கூசிய பிறகுதான் தெரிகிறது.

தெற்குவீதி:
என் காரில் அந்தச் சக்கரம் இருக்கிறது. லென்ஸ் உருண்டை இல்லை. அப்படியானால் எனக்கு ஸ்டிக்கரா?

கராஜ்காரன்:
ஆமாம், ஹாலஜன். உங்கள் காரின் பெயர் படத்தாளில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். லைட்டைக் கழுவி, உலர்ந்த பிறகு ஒட்டுங்கள். ஈரத்தில் ஒட்டினால் மோட்டார்வேக் காற்றிலேயே பறந்துவிடும். ஊர் திரும்பியதும் உரித்துவிடுங்கள்.

வெம்பிளிவாசி, ஒன்று விட்டுவிட்டேன். பின்மூடியின் ரப்பர் வளையம் முறுக்கில்லாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பாருங்கள். இடைவெளி இருந்தால் மழையில் லைட்டுக்குள் ஈரம் இறங்கிவிடும்.