புதுப்பிப்பு: காசிமேட்டுப் பிள்ளைகள் வாய் திறந்துவிட்டார்கள்

காசிமேட்டில் என் மாலை வகுப்புக்கு வரும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இங்கிலீஷ் என்றாலே வாய் திறப்பதில்லை, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். விளையாட்டு வைத்துப் பாருங்கள் என்றீர்கள். வைத்தேன்.

முதல் பத்து நாள் பேசச் சொல்லவே இல்லை; 'ஜம்ப்', 'டச் தி டோர்' என்று நான் சொல்ல அவர்கள் செய்தார்கள், அவ்வளவுதான் (1960களில் ஜேம்ஸ் ஆஷர் என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கிய முறை, முதலில் காது பழகட்டும் என்பது). அப்புறம் நம்ம 'பூப்பறிக்க வருகிறோம்' ஆட்டத்தையே மாற்றி, ஒரு அணி 'விச் மன்த்?' என்று கேட்க எதிர் அணி 'ஜூன்!' என்று கத்திக்கொண்டே ஓடிவர வேண்டும் என்றேன். 12 மாதமும் நான்கே நாளில் வந்துவிட்டது!

ஒன்று மட்டும், தோற்ற பிள்ளையை வெளியே உட்கார வைக்காதீர்கள், அந்தப் பிள்ளைக்குத்தான் பேசும் வாய்ப்பு அதிகம் வேண்டும். இத்தனை நாள் ஓரமாகவே நின்ற ஒரு பெண் நேற்றுக் கிளம்பும்போது தானாக வந்து 'மிஸ், டுமாரோ ப்ளே?' என்றாள். திருத்தவில்லை. 'யெஸ், வீ வில் ப்ளே டுமாரோ' என்று முழுசாகச் சொல்லி அனுப்பினேன்.