டிப்ஸ்டிக்கில் ரோஸ் மில்க்

ஏலக்காட்டுக்காரன் (உடும்பன்சோலை)

போன மழைக்காலத்தில் போடி ஏலத்தில் ஏலக்காயைப் போட்டுவிட்டு, பின்னால் உர மூட்டையோடு போடிமெட்டு ஏறிக்கொண்டிருந்தேன். மொத்தம் 17 கொண்டை ஊசி வளைவுகள். பன்னிரண்டில் எஞ்சின் உறுமுகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. பழைய டொயோட்டா பிராடோ, 3 லிட்டர் டீசல், நாலு கியர் ஆட்டோமேட்டிக், 4 வீல் டிரைவ். கியர் ஆயில் குச்சியை உருவினால், சிவப்பாக இருக்க வேண்டிய எண்ணெய் ரோஸ் மில்க் மாதிரி நுரைத்து வந்தது.

பூப்பாறையில் மெக்கானிக் சேட்டன் அதை விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "அண்ணா, பெட்டி போயி" என்றார். பெட்டி என்றால் கியர்பாக்ஸ்.

தப்பு என்னுடையதுதான். விலை குறைவு என்று போன வருடம் ஏதோ ஒரு ரேடியேட்டரை வாங்கி மாட்டியிருந்தேன். ஆட்டோமேட்டிக் வண்டியில் ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குள்ளேயே கியர் ஆயிலைக் குளிர்விக்கும் சின்னக் குழாய் இருக்கும். அது உள்ளுக்குள் ஓட்டையானால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் நேராக கியர்பாக்ஸுக்குள் போய்விடும். கிளட்ச் பிளேட்டில் உராய்வுப் பட்டையை ஒட்டியிருக்கும் பசை, கூலண்டில் ஊறி விட்டுப்போகும். ஆயிலை மாற்றிக் கழுவினால் போதுமா என்று கேட்டேன். சேட்டன் சிரித்தார்.

சரி, வேறு பெட்டி தேட வேண்டும். முதலில் பழைய வண்டிச் சாமான் விற்கும் சென்னை புதுப்பேட்டை. ஒரு கடையில் எடுத்துக் காட்டினார்கள், பார்க்க அசலாக இருந்தது. என் பெட்டி ஏ343எஃப், அவர்கள் காட்டியது ஏ340இ. டொயோட்டா பழைய பெட்டிகளில் கடைசி எழுத்தைக் கவனியுங்கள்: எஃப் என்றால் 4 வீல் டிரைவுக்கானது, இ என்றால் பின்சக்கர இழுவைக்கானது. இரண்டாவதன் பின்பக்கத்தில், முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸை மாட்டவே முடியாது. கடைக்காரர் "மேட்ச் பண்ணிக்கலாம் சார்" என்றபோது நான் பாதிப் படி இறங்கியாச்சு.

அடுத்து, என்னுடையதற்குப் பின்னால் வந்த பிராடோவின் ஐந்து கியர் ஏ750எஃப் போடலாமே என்று மச்சான் கிளப்பிவிட்டார். நல்ல பெட்டிதான். ஆனால் அதற்கு வேறு கம்ப்யூட்டர், வேறு வயரிங் வேண்டும், புரொப்பெல்லர் ஷாஃப்ட் நீளத்தையும் மாற்ற வேண்டியிருக்கும். மலையில் நின்றுபோனால் எந்த மெக்கானிக் வந்து பார்ப்பார்?

கடைசியில் என் பெட்டியையே கோவையில் கொடுத்து முழுசாகப் பிரித்துக் கட்டினேன். கிளட்ச் பிளேட், சீல், புஷ் எல்லாம் புதிது. எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரையும் மாற்றினேன், பழையதற்குள் தேங்கிய பாலை முழுசாக வெளியே எடுக்க முடியாது. செலவு புதுப்பேட்டை விலையைப் போல இரண்டு மடங்கு. ஆனாலும் முன்கதை தெரியாத பெட்டியைவிட, உள்ளே என்ன இருக்கிறது என்று நானே கண்ணால் பார்த்த பெட்டி மேல்.

மாட்டும்போது பக்கத்திலேயே நின்றேன். கன்வெர்ட்டரைத் தள்ளிச் சுழற்றினால் உள்ளே ஒவ்வொரு பல்லாக உட்காரும்: டொக், டொக், டொக். மூன்றாவது கேட்காமல் போல்ட்டை முறுக்கினால் ஆயில் பம்ப் உடைந்துவிடும். அந்த மூன்றாவது டொக் வர கால் மணி நேரம் ஆனது. பையன் வியர்த்துப்போனான்.

ரேடியேட்டருக்குள் இனி ஆயில் போகாது. முன்னால் தனியாக ஒரு கூலர்.

சூரியநெல்லி ஜீப்

நாங்கள் கொழுக்குமலைக்கு ஓட்டுவது எல்லாம் கை கியர்தான். வீட்டில் மட்டும் இதே பெட்டி போட்ட வண்டி ஒன்று. அது மூன்றாவது கியர் மாறும்போது வழுக்கியது. வேறு பெட்டி வாங்க முன்பணமும் கொடுத்துவிட்டேன். அப்புறம் ஒரு வயசான மெக்கானிக், ஆக்சிலரேட்டர் பக்கத்திலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் மெல்லிய கேபிளைத் தொட்டுக் காட்டினார். தொளதொள என்று தொங்கியது. உள்ளே ஆயில் அழுத்தத்தை முடிவு செய்வதே அந்தக் கேபிள்தானாம். அது தளர்ந்தால் அழுத்தம் குறைந்து கிளட்ச் வழுக்கிக் கருகும். இறுக்கினார், சரியாகிவிட்டது. முன்பணம் திரும்பவில்லை.

கம்பம் மாப்பிள்ளை

பழைய பெட்டி வாங்குபவர்கள் அடித்தட்டைக் கழற்றாமல் காசு கொடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் காந்தத்தில் சாம்பல் நிற மாவு ஒட்டியிருந்தால் பரவாயில்லை, வயசுக்கு அது இருக்கும். மின்னும் துகளோ சீவலோ இருந்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். மோந்தும் பாருங்கள், கருகல் வாடை தெரியும்.

@ஏலக்காட்டுக்காரன், மெட்டு ஏறும்போது டி-யிலேயே விட்டீர்களா?

ஏலக்காட்டுக்காரன் (உடும்பன்சோலை)

ஆமாம் மாப்பிள்ளை, அதுவும் ஒரு தப்பு. பாரத்தோடு ஏறும்போது டி-யில் விட்டால் மூன்றுக்கும் நாலுக்கும் மாறி மாறி அலைந்து ஆயிலைச் சூடாக்கும். இப்போது அடிவாரத்தில் முந்தலிலேயே ஓவர்டிரைவை, அதாவது நாலாவது கியரை, அணைத்துவிடுகிறேன், வளைவு தொடங்கினால் லீவர் 2-ல். ஆயில் சூடு பார்க்க ஒரு மீட்டரும் வைத்திருக்கிறேன். நேற்று எட்டு மூட்டையோடு பன்னிரண்டாவது வளைவில் 94 டிகிரி காட்டியது. வீட்டுக்காரம்மாதான் முள்ளையே பார்த்துக்கொண்டு வந்தாள், நான் ரோட்டைப் பார்த்தேன்.