'இன்' வந்தாலே 'இல்லை'யா? டீச்சர்கள் உதவுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். எட்டாவது படிக்கிற மகளுக்குத் தினமும் ராத்திரி இங்கிலீஷ் வார்த்தைகள் சொல்லிக்கொடுக்கிறேன். ஹேப்பி, அன்ஹேப்பி, ஹேப்பினஸ், அன்ஹேப்பினஸ் என்று ஒரே வேரில் நாலு வார்த்தை கிடைத்ததும் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம்!

'இல்லை' என்ற அர்த்தம் தர சொல்லுக்கு முன்னால் ஒட்டும் 'இன்' முன்னொட்டில்தான் மாட்டிக்கொண்டோம். அது பாசிபிளுக்கு முன் 'இம்', லீகலுக்கு முன் 'இல்', ரெகுலருக்கு முன் 'இர்' ஆகும். மரம், மரங்கள் ஆகும்போது 'ம்' 'ங்' ஆகிற மாதிரி என்றதும் டக்கென்று பிடித்துக்கொண்டாள். ஆனால் நேற்று டேங்கர் லாரியில் 'இன்ஃப்ளேமபிள்' என்று படித்துவிட்டு, "அப்போ இது தீப்பிடிக்காதாம்மா?" என்றாள். பதறிவிட்டேன். சீக்கிரம் தீப்பிடிக்கும் என்றல்லவா அர்த்தம்!

'இன்வேல்யுவபிள்' கூட இப்படித்தான் ஏமாற்றும்; மதிப்பே இல்லாதது என்று தோன்றும், ஆனால் விலைமதிக்க முடியாத அளவு உயர்ந்தது என்று அர்த்தம். இந்த மாதிரி ஏமாற்றும் சொற்களைக் காரணத்தோடு விளக்கும் புத்தகமோ தமிழ் வீடியோவோ தெரிந்தால் சொல்லுங்கள். 'அன்', 'இன்', 'டிஸ்' எது எங்கே வரும் என்பதை எப்படிப் புரியவைக்கிறீர்கள்?