ரெயில்ஸ் ஃபார்ம் பில்டர்: ஒரு வரிசையில் போட்ட டிக் அடுத்த வரிசைக்குப் போகிறது

மாவிளக்கு (கேள்வி):

வணக்கம். ரூபி ஆன் ரெயில்ஸுக்கு (இணையச் செயலிகள் எழுத உதவும் கட்டமைப்பு) ஒரு சின்ன ஃபார்ம் பில்டர், அதாவது படிவத்தின் எச்டிஎம்எல்லை உண்டாக்கும் நிரல், எழுதிக்கொண்டிருக்கிறேன். லேபிள், உள்ளீட்டுப் பெட்டி, பிழைச் செய்தி மூன்றையும் ஒரே அழைப்பில் தர வேண்டும். முடிந்ததும் ஜெம்மாக (ரூபி நிரல்தொகுப்பு) எல்லோருக்கும் திறந்துவிட எண்ணம். ரெயில்ஸ் 7.1.

இப்போது ஒரு பலகாரக் கடையின் ஆர்டர் படிவத்தில் போட்டுப் பார்க்கிறேன். ஒவ்வொரு வரிசையிலும் பொருளின் பெயர், அளவு, கடைசியாக 'பரிசுப் பொதி' என்ற செக்பாக்ஸ். புலங்களின் நேமை (சர்வருக்கு மதிப்பு எந்தப் பெயரில் போகிறதோ அது) என் பில்டர் ஆர்டர்[பொருட்கள்][][பரிசு] என்ற அமைப்பில் கொடுக்கிறது. செக்பாக்ஸுக்கு ரெயில்ஸின் செக்_பாக்ஸையே அழைத்து, நேம் மட்டும் மாற்றி அனுப்புகிறேன்.

அதிரசத்துக்கு மட்டும் டிக் போட்டு அனுப்பினால் சர்வருக்கு வருவது இது: அதிரசம் 0, முறுக்கு 1, மைசூர்பாகு 0, அப்புறம் பெயரோ அளவோ இல்லாத நான்காவது ஒன்று. எதிலுமே டிக் இல்லையென்றால் எல்லாம் சரியாக வருகிறது. ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிட்டுப் பார்த்தாலும் அப்படியேதான். கூடவே, மைசூர்பாகு வரிசையின் லேபிளை அழுத்தினால் அதிரசத்தின் பெட்டியில் டிக் விழுகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

ஓலைச்சுவடி:

பக்கத்தின் மூலத்தைப் பாருங்கள். ஒவ்வொரு செக்பாக்ஸுக்கும் முன்னால் அதே நேமுடன், மதிப்பு 0 என்று ஒரு ஹிட்டன் இன்புட் (கண்ணுக்குத் தெரியாத உள்ளீடு) இருக்கிறதா?

மாவிளக்கு:

ஆமாம், இருக்கிறது. அந்த ஹிட்டனைச் சேர்க்கும் இன்க்ளூட்_ஹிட்டன் என்ற விருப்பத்தை ஃபால்ஸ் ஆக்கியதும் டிக் இடம் மாறுவது நின்றுவிட்டது. அப்படியே விட்டுவிடலாமா?

ஓலைச்சுவடி:

வேண்டாம். டிக் இல்லாத செக்பாக்ஸைப் பிரவுசர் அனுப்பவே அனுப்பாது. எச்டிஎம்எல் விதியே அதுதான். ஹிட்டனை எடுத்துவிட்டால், ஏற்கெனவே பரிசுப் பொதி கேட்டவர் எடிட் பக்கத்துக்கு வந்து டிக்கை நீக்கும்போது அந்தச் செய்தி சர்வருக்கு எட்டாது. பழைய 1 அப்படியே இருக்கும். வாடிக்கையாளர் வேண்டாம் என்று சொன்னது காணாமல் போவதுதான் இதில் மோசம். பிழை என்று எங்கும் காட்டாது.

கருங்கல்:

ஓலைச்சுவடி சொன்னது சரி. டிக் ஏன் நகர்கிறது என்பதைச் சொல்கிறேன், ஜெம் எழுதுபவருக்கு இது அவசியம் தெரிய வேண்டும்.

வெற்று அடைப்புக்குறி உள்ள நேம்களை ராக் (வரும் படிவத் தரவை ரெயில்ஸுக்குப் பிரித்துத் தரும் அடுக்கு) பிரிக்கும்போது, ஒரு பொருள் எங்கே முடிகிறது என்று அதற்கு யாரும் சொல்வதில்லை. கடைசியாகத் திறந்த பொருளில் அந்தப் புலம் இன்னும் இல்லையென்றால் அதிலேயே சேர்க்கும். ஏற்கெனவே இருந்தால் புதுப் பொருள் தொடங்கும். உங்கள் படிவத்தில் அதிரசம், அளவு, பரிசு 0 வரை முதல் பொருளில் சேர்கின்றன. அடுத்து பரிசு 1 வருகிறது. முதல் பொருளில் பரிசு ஏற்கெனவே இருப்பதால் புதுப் பொருள் பிறக்கிறது. பின்னால் வரும் முறுக்கு, அந்த 1 இருக்கும் பொருளில் பெயர் இல்லை என்று பார்த்து அதிலேயே போய் உட்கார்ந்துவிடுகிறது. முறுக்கின் 0 இன்னொன்றைத் திறக்க, அதில் மைசூர்பாகு சேர்கிறது. கடைசி 0 தனியாக நிற்கிறது. நீங்கள் பார்த்த நான்காவது அதுதான். செக்பாக்ஸ் வரிசையின் தொடக்கத்தில் இருந்திருந்தால் டிக் இடம் மாறாது. 0 மட்டும் உள்ள வெற்றுப் பொருள் ஒன்று முளைத்திருக்கும்.

வெற்று அடைப்புக்குறிக்குள் வரிசை எண் உள்ள நேமில் இந்தச் சிக்கலே இல்லை. ஒரே நேம் இரண்டு முறை வந்தால் பிந்தைய மதிப்பு நிற்கும், ஹிட்டனை செக்பாக்ஸுக்கு முன்னால் ரெயில்ஸ் வைப்பதே அதை நம்பித்தான். ஆகவே நேமை உங்கள் பில்டர் உண்டாக்கவே கூடாது. ஆர்டரோடு அதன் பொருட்களையும் சேர்த்துச் சேமிக்க மாடலில் அக்செப்ட்ஸ்_நெஸ்டட்_ஆட்ரிபியூட்ஸ்_ஃபார் எழுதிவிட்டு, வரிசைகளை ஃபீல்ட்ஸ்_ஃபார் வழியாகப் போடுங்கள், எண்ணுள்ள நேமை அதுவே தரும். வெளி ஃபார்மின் பில்டரே உள்ளேயும் வரும், தனியாகச் சொல்ல வேண்டாம்.

லேபிள் பிரச்சினையும் இதே வேரிலிருந்து வருகிறது. நேமை மட்டும் மாற்றினீர்கள், லேபிள் தன் பெட்டியைக் கண்டுபிடிக்கப் பயன்படும் எச்டிஎம்எல் ஐடி எல்லா வரிசைக்கும் ஒன்றாகவே இருந்தது. லேபிள் முதலில் கண்ட ஐடியைப் பிடித்தது. ஃபீல்ட்ஸ்_ஃபாரில் ஐடிக்குள் வரிசை எண்ணும் சேர்ந்துவிடும். பிழைச் செய்திக்கு ஐடி வேண்டுமென்றால் 7.0-இல் வந்த ஃபீல்ட்_ஐடியை 'எர்ரர்' என்ற பின்னொட்டுடன் அழைத்து, அதையே உள்ளீட்டின் ஏரியா-டிஸ்க்ரைப்ட்பையிலும் (விளக்கம் எங்கே என்று திரைவாசிப்பானுக்குச் சொல்லும் பண்பு) கொடுங்கள். திரைவாசிப்பான் வைத்திருப்பவர்கள் பிழையைக் கேட்டுத்தான் திருத்துகிறார்கள், இதை விட்டுவிடாதீர்கள்.

மாவிளக்கு:

மாற்றிவிட்டேன். டிக்கும் லேபிளும் சரியாகிவிட்டன, மிக்க நன்றி. ஆனால் எடிட் செய்து சேமித்தால் பொருட்கள் இரட்டிப்பாகின்றன. பிழை வந்து பக்கம் திரும்பும்போது கிரிட் (படிவத்தின் கட்ட அமைப்பு) வேறு கலைகிறது.

கருங்கல்:

முதலாவது, கன்ட்ரோலரின் பெர்மிட் பட்டியலில் (எந்தப் புலங்களை ஏற்கலாம் என்ற பட்டியல்) ஐடி இல்லை என்று நினைக்கிறேன். இது எச்டிஎம்எல் ஐடி அல்ல, டேட்டாபேஸில் அந்தப் பொருளின் எண். ஏற்கெனவே சேமித்த வரிசைகளுக்கு ஃபீல்ட்ஸ்_ஃபார் ஐடியை ஹிட்டனாக அனுப்புகிறது. பெர்மிட் அதை வடிகட்டிவிட்டால், மாடல் எல்லாவற்றையும் புதுப் பொருளாகவே எடுத்துக்கொள்ளும். வரிசையை நீக்கும் வசதி இருந்தால், நீக்கச் சொல்லும் _டெஸ்ட்ராய் புலத்தையும் பட்டியலில் சேருங்கள்.

இரண்டாவது, பிழையுள்ள இன்புட்டையும் அதன் லேபிளையும் ஃபீல்ட்_வித்_எர்ரர்ஸ் என்ற டிவ்வுக்குள் ரெயில்ஸ் தனித்தனியாகச் சுற்றுகிறது. அந்தச் சுற்றலைச் செய்வது அமைப்புகளில் உள்ள ஃபீல்ட்_எர்ரர்_ப்ராக், அது வந்த டேகை அப்படியே திருப்பித் தந்தால் போதும். ஆனால் ஜெம்முக்குள் இதை மாற்றாதீர்கள், அது அந்தச் செயலி முழுவதையும் பாதிக்கும். எப்படி மாற்றுவது என்று ரீட்மியில் எழுதுங்கள். மாற்றுவதா என்பதைப் பயன்படுத்துபவர் முடிவு செய்யட்டும்.

பொறி:

ஜெம் என்பதால் இன்னொன்று. ரெயில்ஸ் 8.0-இல் செக்பாக்ஸ் என்ற பெயர் முதன்மையாகி, அடிக்கோடு உள்ள செக்_பாக்ஸ் அதன் மாற்றுப்பெயராகிவிட்டது. டெக்ஸ்ட்_ஏரியாவுக்கும் அப்படியே. ஒன்றை மட்டும் மேலெழுதினால் மற்றதை அழைப்பவருக்கு உங்கள் லேபிளும் பிழைச் செய்தியும் வராது. இரண்டையும் கவனியுங்கள்.

மாவிளக்கு:

இரட்டிப்பு நின்றுவிட்டது, கிரிட்டும் நேராகிவிட்டது. 'இன்னொரு பொருள் சேர்' பொத்தான் அழுத்தினால் வரும் புது வரிசைக்கு எந்த எண்ணைக் கொடுப்பது?

கருங்கல்:

மில்லிவிநாடியில் இப்போதைய நேரத்தைக் கொடுங்கள். வரிசையாக இருக்க வேண்டியதில்லை, மற்ற வரிசைகளோடு மோதாமல் இருந்தால் போதும். ஆனால் இலக்கங்கள் மட்டுமே இருக்கட்டும், ஏபிசி எழுத்துகளைக் கலந்தால் பெர்மிட் அந்த வரிசையைத் தள்ளிவிடலாம். சோதனை எழுதும்போது கன்ட்ரோலருக்கு ஹாஷ் (கையால் எழுதிய தரவு) கொடுத்து நிறுத்திவிடாதீர்கள், அதில் ஹிட்டன் இன்புட் வராது. படிவத்தைப் பயனரைப் போல நிரப்பிச் சோதிக்கும் கேபிபாராவில் முதல் வரிசைக்கு மட்டும் டிக் போட்டு அனுப்பி, இரண்டாவது வரிசை 0 என்று உறுதி செய்யுங்கள்.