‘திருப்புமுனை’ போதாது: டிப்பிங் பாயின்ட்டுக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு மாற்றம் எந்த அளவைக் கடந்தபின் தானாகவே பரவத் தொடங்குமோ, அந்த அளவைக் குறிக்கும் டிப்பிங் பாயின்ட் (tipping point) என்பதற்குத் ‘திருப்புமுனை’ என்ற பழகிய சொல்லே போதும் என்னும் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. திருப்புமுனை என்பது, எல்லாம் நடந்து முடிந்தபின் ஒரு நிகழ்ச்சிக்கு நாம் சூட்டும் பெயர். இங்கே பெயர் வேண்டுவதோ ஓர் அளவுக்கு. 1957இல் அமெரிக்க அரசியல் அறிஞர் மார்ட்டன் குரோட்சின்ஸ், அமெரிக்க நகரக் குடியிருப்புகளில் கறுப்பின மக்களின் விகிதம் ஓர் அளவைக் கடந்ததும் வெள்ளையர் விரைந்து வெளியேறியதை விளக்கவே இவ்வழக்கைக் கையாண்டார்.

அந்த அளவு எத்தனை நுட்பமானது என்பதற்குச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1978இல் தந்த எடுத்துக்காட்டைவிடத் தெளிவானது இல்லை. நூறு பேர் கூடியிருக்கிறார்கள். முதலாமவர் எவரையும் எதிர்பாராமல் கலவரத்தில் இறங்குவார், இரண்டாமவர் ஒருவர் இறங்கியபின் இறங்குவார், மூன்றாமவருக்கு இருவர் வேண்டும், இவ்வாறே போய் நூறாமவருக்குத் தொண்ணூற்றொன்பது பேர் வேண்டும் என்றால், நூறு பேருமே இறங்கிவிடுவர். இரண்டாமவர் மட்டும் இருவருக்காகக் காத்திருப்பவராக இருந்துவிட்டால், கலவரம் ஒருவரோடு நின்றுபோகும்.

மயிற்பீலி ஏற்றிய வண்டியும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும் என்னும் குறளின் ‘அச்சிறும்’ என்பதிலிருந்து ‘அச்சிறுநிலை’ என்று ஆக்கலாம் எனும் எண்ணம் எனக்கும் தோன்றியது, அழகான சொல்தான். ஆனால் வண்டியில் ஏற்றும் மயிற்பீலி ஒவ்வொன்றும் தன் எடையைத்தான் கூட்டுகிறது, அடுத்த பீலியை அழைத்து வருவதில்லை. சமூகத்தில் சேர்கிற ஒவ்வொருவரும் அடுத்தவரை இழுக்கிறார். இந்த வேறுபாட்டை மறைக்கும் சொல் நமக்கு உதவாது.

கொதிநிலை, உருகுநிலை போன்ற வினைத்தொகைகளே நமக்கு வழிகாட்டி. ‘மாறுநிலை’ இயற்பியலில் வேறு பொருளில் வேரூன்றிவிட்டது. ‘சாய்நிலை’ என்றால் சாய்தளம்போல் சாய்ந்தே நிற்பதாகப் படும். ‘கவிழ்நிலை’ கேட்டை மட்டுமே நினைவூட்டும்; ஒரு தீய வழக்கம் திடீரென மறைவதையும் இச்சொல் சுட்ட வேண்டுமே. ஆகவே ‘புரள்நிலை’ என்பதை முன்வைக்கிறேன். வெள்ளம் கரைபுரள்வதில், அளவு கடப்பதும் கடந்தபின் நில்லாமல் பரவுவதும் ஒருங்கே உள்ளன. ‘புரளி’ நினைவுக்கு வருகிறது என்று சிலர் முகம் சுளிக்கலாம்; பயன்பாட்டில் அது தேய்ந்துவிடும்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது: தனியொருவர் சேர்வதற்கு எதிர்பார்க்கும் எண்ணிக்கை புரள்நிலை ஆகாது. அதற்கு ‘இணைவு வரம்பு’ என்று தனிச்சொல் வைத்துக்கொள்ளலாம்; இதைவிடப் பொருத்தமானது இருந்தால் சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.