‘முடிவு செய்யப்படுகிறது’ என்று கடிதம் வந்தால் இனிப்பு வாங்காதீர்கள்

அரசு அலுவலகக் கடிதம் படித்துத் தலைசுற்றியவர்கள் எழுதுங்கள். நானே தொடங்கிவைக்கிறேன்.

அப்பா பட்டா மாறுதலுக்கு மனு கொடுத்திருந்தார். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. பொருள், பார்வை எல்லாம் தாண்டினால் ஒரே வாக்கியம்: ‘பார்வையில் காணும் மனுவின்பால் தங்களின் கனிவான கவனம் ஈர்க்கப்படுகிறது, மேற்படி புலம் தொடர்பான மூல ஆவணம் தாக்கல் செய்யப்படாமையால் மனு இத்துடன் முடிவு செய்யப்படுகிறது என்ற விவரம் தெரிவிக்கப்படுகிறது.’ அப்பாவின் கண்ணில் பட்டது ‘முடிவு’ மட்டும்தான். காரியம் முடிந்தது என்று அரைக் கிலோ மைசூர்பாகோடு வந்துவிட்டார். மறுநாள் கிராம நிர்வாக அலுவலர் சொன்னார்: “ஐயா, மனுவைத் தள்ளுபடி செய்திருக்கிறார்கள். தாய்ப்பத்திர நகல் இல்லையாம்.” அதையே எழுதினால் என்ன குறைந்துவிடும்?

*

எங்கள் அத்தைக்கு வந்தது இதைவிட அழகு. ‘தங்களின் வாழ்வுநிலை உரிய காலத்தில் மெய்ப்பிக்கப்படாமையால் ஓய்வூதியம் நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.’ உயிரோடு இருப்பதை நேரில் வந்து காட்டவில்லை என்று பொருள். அத்தை நிதானமாகப் படித்துவிட்டு, “என் வாழ்வுநிலையா? கிரைண்டர் ரிப்பேர், முழங்கால் வலி. வேறென்ன எழுத?” என்று பேனாவைத் தேடினார்.

*

நான் அந்த நாற்காலியில் முப்பது ஆண்டு இருந்தவன், திட்டாதீர்கள். 1956-இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. கடிதத்தின் எலும்புக்கூடு மட்டும் ஆங்கிலத்திலேயே நின்றுவிட்டது. ‘கவனம் ஈர்க்கப்படுகிறது’, ‘தெரிவிக்கப் பணிக்கப்பட்டுள்ளேன்’ எல்லாம் பழைய ஆங்கிலக் கடிதங்கள்தான், வேட்டி கட்டியிருக்கின்றன. புதிதாகச் சேர்பவனிடம், “முன் கோப்பைப் பார்த்து எழுது” என்பார்கள். ஒருமுறை ‘பத்திர நகலுடன் வாருங்கள்’ என்று வரைவு வைத்தேன். கண்காணிப்பாளர் சிவப்பு மையால் அடித்துவிட்டு, “இது கல்யாண அழைப்பா?” என்றார். ‘வாருங்கள்’ என்றால் அழைத்தவர் யார் என்ற கேள்வி வரும். ‘கேட்டுக்கொள்ளப்படுகிறது’ என்றால் கேட்டவர் யாருமில்லை. பெரிய பாதுகாப்பு அது.

முதலில் எழுதியவருக்கு: கடிதத்தின் தலையில் ‘ந.க.’ இருக்கிறதா, ‘ஓ.மு.’ இருக்கிறதா? முன்னது நடப்புக் கணக்கு, கோப்பு உயிரோடு இருக்கிறது. பின்னது ஓராண்டு முடிவு. ஓராண்டு வைத்திருந்து அழித்துவிடுவார்கள்.

*

பார்த்தேன், ஓ.மு.தான். அப்பா பீரோவைக் கவிழ்த்துப் போட்டுத் தாய்ப்பத்திரத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார்.